பில்லி மெரிடித்: நாலு பவுண்டுக்கு அடங்காத வலது விங்கர்

கேள்வி, மார்ச் 2

கால்பந்தில் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடும் முன்வரிசைக்காரர், என்றாலே இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ்தான். ஐம்பது வயதில் லீகின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய மனிதர். அவருக்கு முன்னால் இங்கிலாந்து லீகில் அப்படி ஒருத்தர் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் காசுக்காக ஆடவில்லை, மானத்துக்காக ஆடினார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 2, இரவு

இருக்கிறது. பில்லி மெரிடித். வலது விங். 1894 முதல் 1924 வரை, முப்பது வருடம். மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், மறுபடியும் சிட்டி. கடைசியாக, இங்கிலாந்துக் கால்பந்தை ஆளும் அமைப்பான எஃப்.ஏ. நடத்தும் கோப்பையின் அரையிறுதி ஆடியபோது அவருக்கு வயது 49. மேத்யூஸ் பிறந்ததே 1915இல்.

இரண்டாவது பேச்சுக்கு நாளைக்கு வருகிறேன். "காசுக்காக ஆடவில்லை" என்று மெரிடித் காதுபடச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

மார்ச் 3

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

1874 ஜூலை 30, வேல்ஸின் வடகிழக்கு ஓரத்தில் சர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிளாக் பார்க் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டார். நிலத்தடியில் கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டுகிற வேலை. சர்க் சின்ன ஊர்தான், ஆனால் அங்கே டி. இ. தாமஸ் என்ற பள்ளி ஆசிரியர் பையன்களுக்கு ஒழுங்காகப் பந்து பழக்கினார். அவர் கையில் வளர்ந்து வேல்ஸ் அணிக்குப் போனவர்கள் பலர். 1894இல் சர்க் அணி வேல்ஸ் கோப்பையை வென்றது. அதே வருடம் சிட்டி கிளப்காரர்கள் வீடு தேடி வந்தார்கள்.

அம்மாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். பட்டணத்துக்காரர்கள் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் கோபம். பிள்ளை ஒரு நடுவழி கண்டார். சுரங்க வேலையை விடாமல், சனிக்கிழமை மட்டும் ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வந்தார். முதல் லீக் ஆட்டம் 1894 அக்டோபர் 27, நியூகாசிலில். சிட்டி 4-5 தோல்வி. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் நியூட்டன் ஹீத்துக்கு எதிராக. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது அந்த நியூட்டன் ஹீத்தான். அதிலும் 2-5 தோல்வி, ஆனால் சிட்டியின் இரண்டு கோலும் மெரிடித் போட்டது.

1895 ஜனவரியில்தான் முழுத் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்திட்டார். அதுவரை வாரம் முழுக்கக் கரித்தூசி, சனிக்கிழமை மட்டும் பந்து.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

பல்குச்சியைச் சொல்ல மறந்தேன். ஆட்டம் முழுக்க வாயில் ஒரு பல்குச்சி இருக்கும். முதலில் புகையிலைதான் மென்றாராம். ஜெர்சியில் படிந்த புகையிலை எச்சில் கறையை வெளுக்க முடியாது என்று சலவைக்காரர்கள் கைவிரித்ததும் பல்குச்சிக்கு மாறினார் என்பது கதை. வளைந்த கால், ஒட்டிய உடம்பு, வாயில் குச்சி. பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்!

மார்ச் 5

"பந்தைக் கோட்டோரமாகக் கொண்டுபோய் கிராஸ் போடுவதில் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்புவதில்) என்ன பெரிய வித்தை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் வலது விங்கில் ஆடியவன் என்பதால் இதற்கு நின்று பதில் சொல்ல ஆசை.

அன்று ஆஃப்சைட் விதி வேறு. 1925 வரை, பந்து வாங்குகிற முன்வரிசைக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியின் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைட் என்னும் தவறு. இப்போது இரண்டு பேர் போதும். மூன்று பேர் என்றால் கோல்கீப்பரும் இரண்டு ஃபுல்பேக்குகளும், அதாவது கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர்களும். அந்த இரண்டு ஃபுல்பேக்கில் ஒருத்தர் கொஞ்சம் முன்னேறி நின்றாலே போதும், நடுவில் காத்திருக்கிற முன்வரிசைக்காரர் (சென்டர் ஃபார்வர்டு) ஆஃப்சைட். நேராகப் பந்தை முன்னால் தள்ளி வேலை செய்வது பெரும்பாடு.

மெரிடித் என்ன செய்தார்? பக்கக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கார்னர் கொடி வரை ஓடினார். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டால் நம் ஆட்கள் எல்லோருமே பந்துக்குப் பின்னால். பந்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஆஃப்சைட் கிடையாது. அங்கிருந்து பந்தைப் பின்னோக்கி இழுத்துப் போட்டால் ஃபுல்பேக்குகள் தங்கள் கோலைப் பார்த்தபடி திரும்பி ஓட வேண்டும், நம் ஆள் முகத்துக்கு நேராக வருகிற பந்தை உதைக்க வேண்டும். விதியில் இருந்த ஒரே பெரிய வாசல் அதுதான். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு முப்பது வருடம் அதன் வழியாகவே போய்வந்தார்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்பது எதிரில் நிற்கும் ஃபுல்பேக்குக்கும் தெரியும், மைதானத்தில் காசு கொடுத்து நின்றவனுக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அது ஏன் என்று ஆடியவர்களுக்குப் புரியும். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறதோ அந்தக் கால் பக்கமாகப் பந்தைத் தள்ளினால் அவன் திரும்புவதற்குள் நாம் தாண்டிவிடுவோம். சொல்ல ஒரு வரி. ஓடிக்கொண்டே, கனத்துப் போன தோல் பந்தை வைத்துக்கொண்டு, சேற்றில் அதைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் சில நாள் வாய்த்தது, பல நாள் வாய்க்கவில்லை.

அப்புறம், கோலும் போடுவார். முதல் சிட்டிக் காலத்தில் 140 கோலுக்கு மேல். விங்கருக்கு இது பெரிய கணக்கு. யுனைடெட்டுக்குப் போன பிறகு 335 ஆட்டத்தில் 36 கோல்தான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது, வேலையும் மாறியது. கோல் போடுகிறவராக இருந்தவர் கோல் போட வைக்கிறவராக ஆனார்.

மார்ச் 6

1904 கோப்பை இறுதியைக் கேட்டவருக்கு: ஏப்ரல் 23, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம், சிட்டி 1 போல்டன் 0. கேப்டன் மெரிடித், கோலும் மெரிடித். ஆஃப்சைட் என்று போல்டன்காரர்கள் கத்தினார்கள், ஆனால் கோல் செல்லுபடியானது. சிட்டிக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது.

மார்ச் 8

சரி, காசு விஷயம். இதை எழுதத்தான் இந்த இழையில் உட்கார்ந்தேன்.

1901-02 பருவம் முதல் எஃப்.ஏ. ஒரு சட்டம் வைத்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரச் சம்பளம் 4 பவுண்டுக்கு மேல் கூடாது. வெற்றிக்கு ஊக்கப்பணமும் கூடாது. நாலு பவுண்டு அன்று ஒரு கைத்தொழிலாளியின் கூலியைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். 1905 பிப்ரவரியில் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை சண்டர்லாந்து கிளப் மிடில்ஸ்பரோவுக்கு விற்றது. விலை 1,000 பவுண்டு. ஆளை விற்றால் கிளப்புக்கு ஆயிரம், அந்த ஆள் ஆடினால் வாரம் நாலு.

இதோடு பிடித்துவைக்கும் முறையும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் லீகில் வேறு கிளப்புக்குப் போக முடியாது. கூட்டம் யாரைப் பார்க்க வருகிறதோ அவருக்கு விலை பேசும் உரிமை இல்லை.

எல்லா கிளப்பும் இந்தச் சட்டத்தை மதித்ததா என்றால், இல்லை. பெரிய கிளப்கள் பின்வாசல் வழியாகக் கொடுத்தன. சிட்டியும் கொடுத்தது. 1905இல் குட்டு உடைந்தது இப்படித்தான்:

ஏப்ரல் 29, லீகின் கடைசி ஆட்டம், ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. ஜெயித்தால் சிட்டிக்குப் பட்டம் கிடைக்க வழியுண்டு. 2-3 என்று தோற்றது. அடிதடி வேறு. பிறகு வில்லா கேப்டன் அலெக் லீக், ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மெரிடித் தனக்கு 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்று எஃப்.ஏ. முன்னால் சொன்னார். ஆகஸ்டில் மெரிடித்துக்குத் தடை. 1906 ஏப்ரல் முடியும்வரை ஆடக்கூடாது.

ஆட்டம் இல்லை, சம்பளமும் இல்லை. கிளப் உதவும் என்று காத்திருந்தார். கிளப் கைகழுவியது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். சிட்டி யாருக்கு எவ்வளவு மேலே கொடுத்தது என்பதெல்லாம் வெளியே வந்தது. எஃப்.ஏ. கணக்குப் புத்தகங்களைக் கிளறியது. முடிவில் 17 ஆட்டக்காரர்களுக்கு 1906 முடியும்வரை தடை, அவர்கள் இனி சிட்டிக்கு ஆடவே கூடாது. மேனேஜர் டாம் மேலிக்கு இங்கிலாந்துக் கால்பந்தில் இடமே இல்லை என்று தீர்ப்பு. ஒரு முழு அணி ஒரே உத்தரவில் கலைந்துபோனது.

மார்ச் 9

"அப்படியென்றால் அவர் லஞ்சம் கொடுத்தவர்தானே, அவரையா கொண்டாடுகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகும் இதுவே ஓடியது. மெரிடித் முதலில் மறுத்தார். பிறகு, மேனேஜர் சொல்லித்தான் செய்தேன் என்கிற மாதிரி பேசினார். மேலி அதை மறுத்தார். என் முடிவு: பத்து பவுண்டு பேச்சு நடந்திருக்கிறது. அதை வெள்ளையடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்டத்தை விலைக்குக் கேட்டது தப்புதான், யார் சொல்லிச் செய்தாலும்.

ஆனால் அடுத்தடுத்து நடந்ததைப் பாருங்கள். லஞ்சப் பேச்சுக்குத் தண்டனை ஒருத்தருக்கு. நாலு பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்கியதற்குத் தண்டனை 17 பேருக்கு. உழைத்துக் கேட்ட கூலியைக் குற்றமாக்கியது யார்? அந்தக் கேள்விதான் மெரிடித்தை மாற்றியது என்று நினைக்கிறேன். இதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான்: இது வேலை, வேலைக்குக் கூலி பேசும் உரிமை வேண்டும்.

மார்ச் 9, இரவு

இன்னொரு துணுக்கு. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி, யுனைடெட் 2 லிவர்பூல் 0. பந்தயக் காசுக்காக இரண்டு அணிகளிலும் சிலர் பேசிவைத்து ஆடிய ஆட்டம். ஏழு பேருக்கு ஆயுள் தடை. மெரிடித்தும் அந்த ஆட்டத்தில் ஆடினார், ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது. தனக்கு யாருமே பந்து தரவில்லை என்பதால்தான் சந்தேகம் வந்தது என்றார். மெரிடித்துக்குப் பந்து போனால் கோல் வந்துவிடும் என்ற பயத்தில் அவரை ஓரத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் நாற்பது வயதில் அவர் எப்படி ஆடியிருப்பார்!

மார்ச் 11

தடைக்குப் பின் யுனைடெட். மேனேஜர் எர்னஸ்ட் மாங்னல் முந்திக்கொண்டு மெரிடித்தைப் பிடித்துவிட்டார். கூடவே சிட்டியின் சாண்டி டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பானிஸ்டர். தடை தீர்ந்த 1907 ஜனவரி 1ஆம் தேதியே ஆட்டம், அதுவும் அதே ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. மெரிடித் கிராஸ், டர்ன்புல் கோல், 1-0. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

பிறகு 1908 லீக் பட்டம், 1909 கோப்பை, 1911 மறுபடி லீக். 1910இல் ஓல்டு டிராஃபோர்டு திறந்தது. யுனைடெட்டின் முதல் பெரிய அணி இது. அதில் பாதி உயிர் சிட்டி இழந்த ஆட்களுடையது. சிட்டி ரசிகர்கள் இதை இன்றும் மறக்கவில்லை.

மார்ச் 12

இப்போது சங்கம்.

1907 ஏப்ரலில் யுனைடெட்டின் ஃபுல்பேக் தாமஸ் பிளாக்ஸ்டாக் ஒரு ரிசர்வ் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டிவிட்டுச் சரிந்தார். அங்கேயே உயிர் போனது. விசாரணையில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள். குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. சுரங்கத்தில் ஒருத்தன் செத்தால் சங்கம் வந்து கேட்கும், அதை மெரிடித் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். மைதானத்தில் செத்தால் கேட்க ஆளில்லை.

அதே வருடம் டிசம்பர் 2, மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் கூட்டம். தலைமை மெரிடித். பக்கபலம் யுனைடெட் கேப்டன் சார்லி ராபர்ட்ஸ். ஆட்டக்காரர் சங்கம் அன்று பிறந்தது. இன்றைய இங்கிலாந்து ஆட்டக்காரர் சங்கம் அதன் நேர் வாரிசு.

இதைப் படிக்கும்போது எனக்கு என் முழங்கால் ஞாபகம் வரும். ஒரு நிறுவன அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். வழுக்கல் மைதானம், ஃபுல்பேக் என் ஊன்றிய காலில் விழுந்தார். உள்ளே ஏதோ பிய்ந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரிச் செலவை அப்பாதான் கட்டினார். மேலாளரிடம் கேட்டதற்கு "ஆட்டம் நீங்கள் விரும்பி ஆடுவதுதானே" என்றார். விரும்பிச் செய்கிறவனுக்குக் கூலி கேட்கும் வாய் இருக்கக்கூடாது என்ற எண்ணம் நூறு வருடமாக அப்படியே இருக்கிறது. முதல் கேள்வியில் "மானத்துக்காக ஆடினார்கள்" என்ற வரி என்னைச் சுட்டது இதனால்தான். அந்த மானப் பேச்சு அன்று எஃப்.ஏ. பேசிய பேச்சு. ஆட்டக்காரர் வாயிலிருந்து வந்ததல்ல.

மார்ச் 13

1909இல் எஃப்.ஏ. கெடு வைத்தது: ஜூலை 1க்குள் சங்கத்தை விட்டு விலகு, இல்லையேல் ஆட முடியாது. பெரும்பாலோர் பணிந்தார்கள். குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. கோப்பை வென்று சில மாதம்கூட ஆகவில்லை, அத்தனை பேருக்கும் சம்பளம் நின்றது. மைதானமும் தரமாட்டோம் என்றதால் மான்செஸ்டரிலேயே ஃபாலோஃபீல்டு என்ற இடத்தில் போய்ப் பயிற்சி செய்தார்கள். அங்கே எடுத்த ஒரு போட்டோ உண்டு, தேடிப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் ஒரு பலகை: "ஒதுக்கப்பட்டோர் எஃப்.சி., 1909". முகத்தில் சோகமே கிடையாது. திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

எவர்ட்டனின் டிம் கோல்மன் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் மற்ற கிளப்களிலும் தைரியம் வந்தது. புதுப் பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, ஆகஸ்ட் 31 அன்று, எஃப்.ஏ. இறங்கிவந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், ஊக்கப்பணத்துக்கு அனுமதி, நிறுத்திய சம்பளமும் உண்டு. ஆனால் நாலு பவுண்டு உச்சவரம்பு அசையவில்லை. அடுத்த வருடம் பல வருடம் ஆடியவர்களுக்கு மட்டும் ஐந்து வரை போகலாம் என்றார்கள், அவ்வளவுதான்.

மெரிடித்துக்கு இது வெற்றியாகப் படவில்லை. பாதியில் நிறுத்திய சண்டை என்றே நினைத்தார். இதில் நான் அவர் பக்கம். இன்னும் ஒரு மாதம் பிடிவாதமாக நின்றிருந்தால் வரம்பு உடைந்திருக்கலாம். மற்ற கிளப் ஆட்டக்காரர்கள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

மார்ச் 14

"அவர் வேல்ஸ்காரர். இங்கிலாந்து விங்கர் என்று எப்படிச் சேர்க்கிறீர்கள்" என்றவருக்கு: பிறப்பும் நாட்டு அணியும் வேல்ஸ்தான். தொழில் முழுக்க இங்கிலாந்து லீகில். வேல்ஸுக்கு 48 ஆட்டம், 1895 முதல் 1920 வரை. இன்னும் அதிகம் ஆடியிருப்பார், கிளப்கள் பல முறை விடவில்லை. கடைசி ஆட்டம் 1920 மார்ச்சில் ஹைபரி மைதானத்தில். வேல்ஸ் 2, இங்கிலாந்து 1. இங்கிலாந்தை ஜெயித்து அவர் பார்த்தது அன்றுதான், 45 வயதில். உடைமாற்றும் அறையில் அழுதார் என்கிறார்கள்.

மார்ச் 16

கடைசிக் காலத்தைக் கேட்டிருந்தீர்கள். 1921இல் யுனைடெட்டோடு பேச்சு முறிந்தது. தனக்குக் கட்டணம் போட்டு விற்கக்கூடாது, சும்மா விடுவிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஜெயித்தும் காட்டினார். அப்படியே சிட்டிக்குத் திரும்பினார், 47ஆவது வயதில்.

1924 கோப்பையில் பிரைட்டனுக்கு எதிராக இறக்கினார்கள். 5-1, அதில் ஒன்று அவர் கோல். கால் இறுதி கார்டிஃப்புடன், மெயின் ரோடு மைதானத்தில் 76,166 பேர், கோல் இல்லை. மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் மெரிடித் எடுத்துக்கொடுத்த பந்தில் டாமி பிரௌவெல் கோல். அரையிறுதியில் நியூகாசில் 2-0 என்று முடித்துவைத்தது. அன்றைய சிட்டி அணியில் சார்லி பிரிங்கிளும் இருந்தார். மெரிடித்தின் மகள் லில்லியைக் கட்டியவர் அவர். மாமனாரும் மருமகனும் ஒரே ஜெர்சியில்!

1958 ஏப்ரலில் காலமானார். யுனைடெட் ஆட்டக்காரர்கள் பலரைப் பறித்த மியூனிக் விமான விபத்தின் துக்கம் மான்செஸ்டரில் ஆறாத நேரம், இவர் சாவு பெரிதாகப் பேசப்படவில்லை. கல்லறைக்குப் பேர் பொறித்த கல்கூட 2001இல்தான் வந்தது. உச்சவரம்பு ஒழிந்தது 1961இல். அப்போது அது 20 பவுண்டாக இருந்தது. பிடித்துவைக்கும் முறையை 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் நீதிமன்றம் உடைத்தது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

மார்ச் 17

மேத்யூஸா மெரிடித்தா என்று இன்னமும் கேட்கிறீர்கள். மேத்யூஸின் ஆட்டம் முழுவதும் புது ஆஃப்சைட் விதிக்குப் பின். முன்வரிசைக்கு இடம் அதிகம். மெரிடித் மூன்று பேர் விதிக்குள் ஆடியவர். எனக்கு மெரிடித்.

அப்புறம் ஒன்று. இந்த இழையில் எல்லோரும் மெரிடித்தையே பேசுகிறோம், சார்லி ராபர்ட்ஸை விட்டுவிடக்கூடாது. அவ்வளவு பெரிய சென்டர் ஹாஃப் (நடுவரிசையின் மைய ஆட்டக்காரர்), இங்கிலாந்துக்கு ஆடியது 1905இல் மூன்றே ஆட்டம். சங்கம் அமைத்ததற்குக் கிடைத்த பரிசு அது என்று பலரும் நம்பினார்கள், நானும் நம்புகிறேன். 1913இல் யுனைடெட் அவரை ஓல்டமுக்கு 1,500 பவுண்டுக்கு விற்றது. அவருக்குத் தனி இழை தொடங்குகிறேன், விவரம் வைத்திருப்பவர்கள் அங்கே வாருங்கள்.